குழாய் ஸ்பீக்கருக்குப் பழகிய காது

எங்கள் அண்ணன் மாரிசாமிக்கு வலது முழங்கால் மடங்காது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது விழுந்தார். ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்ததால் கையை ஊன்ற முடியவில்லை. தூக்கப் போனவர்களிடம், "மைக்குல ஊதிப் பாருங்க, சத்தம் வருதா?" என்றுதான் முதலில் கேட்டாராம். கோயில் கமிட்டிக்காரர்கள் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரிவில் நின்று வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் இடத்தில் அண்ணனைப் போட்டார்கள். பகலில் அந்த வேலை. கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு வந்தால் ஸ்பீக்கர் செட் வேலை. நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் நாலு டிவிஷன். நாலுக்கும் அவர் ஒருவர்தான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கொழுந்து எடுக்கப் பேர் பதியும் வயது வரும்வரை வீட்டில் சும்மாதான் இருந்தேன். அப்போது அண்ணன் என்னை அம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஸ்பீக்கர் கட்டிய மலைக்கு எதிர்மலைக்கு ஏறிப் போவார். அங்கே நின்று கேட்பார். சத்தம் போதாவிட்டால் தோளில் கிடக்கும் துவாயை ஒரு தடவை வீசுவார், நான் திருகைக் கூட்டுவேன். இரண்டு தடவை வீசினால் குறைப்பேன். அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் திருகை மட்டும் நான் தொடவே கூடாது. அது எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும். "அதைத் திறந்தா குழாய்க்குள்ள இருக்குற யூனிட்டு எரிஞ்சிரும். குழாய்க்கு அடிச்சத்தம் ஆகாது. நடுச்சத்தந்தான் மலையைத் தாண்டும்" என்பார். பதினைந்து வருஷம் அவர் காது அப்படித்தான் பழகியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம், செப்டம்பர் முடிவில் ஸ்டோரை மூடப் போவதாக, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அறிவித்தார்கள். இனிக் கொழுந்து பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குப் போகும். இயந்திரம் திருத்தும் பிட்டர் வேலை செய்கிறவர்களை அங்கே எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மலைக்குத் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அழகையா பிட்டர், அவருக்கு ஒன்றுமில்லை. அண்ணன்தான் மாட்டிக்கொண்டார். மடங்காத காலோடு அவர் எந்த மலையில் நிற்பது?

பதுளை பஜாரில் இப்றாஹீம் நானாவின் கடை இருக்கிறது. முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்போம். கீழே அம்ப்ளிபயர் திருத்துவார், ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுவார். மாடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை. அதில் வேலை செய்தவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு அண்ணன் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"குழாய் கட்டுறது வேற, பதியுறது வேற, தம்பி" என்றார் நானா. கையில் ஈயம் பற்றவைக்கிற கோல். தலையை நிமிர்த்தவில்லை.

"கத்துக்குவேன் நானா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சரி, ஒரு வேலை செய். ஒரு கிட்டாரைப் பதிஞ்சு கொண்டு வா. பாட்டு வேணாம், மேளம் வேணாம். கிட்டார் மட்டும். பிழை விட்டா மறைக்க ஒண்ணும் இருக்கக் கூடாது. நோன்பு மாசம் வந்தா எனக்கு வேலை கூடும், அதுக்கு முன்ன ஆள் வைக்கணும். அதுவரைக்கும் உனக்குத் தவணை."

பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், நல்ல மைக் ஒன்றையும் இரவலாகக் கொடுத்தார். ஈக்யூ எங்கே, கம்பிரசர் எங்கே என்று திரையில் காட்டினார். ஈக்யூ என்றால் அடிச்சத்தம், நடுச்சத்தம், மேல்சத்தம் என்று பிரித்து, வேண்டியதைக் கூட்டிக் குறைப்பது. அது அண்ணனுக்குத் தெரிந்ததுதான். கம்பிரசர்தான் புதிது. பலமாக வருகிற சத்தத்தை அமுக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடலாம். கொழுந்து மலையில் முந்திப் போகிறவளைக் கங்காணி பிடித்து நிறுத்தி, எல்லாரையும் ஒரே நிரையில் கொண்டுபோவாரே, அது போல என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் டீவியை மடியில் வைத்துக்கொண்டு பசறை பஸ்ஸில் வந்தேன்.

கிட்டார் எங்கள் வீட்டிலேயே இருந்தது. முன்பு ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்த ஒரு பறங்கிக்காரர் மாற்றலாகிப் போகும்போது என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனது. வீட்டுக்காரர் அதில் பைலா ஆட்டப் பாட்டும் அடிப்பார், தானாகக் கட்டிய மெட்டும் அடிப்பார்.

"மச்சான், என்னை வச்சுத்தான் உன் பொழப்பா? அப்ப எனக்கு டீ யாரு ஊத்துறது?" என்றார்.

"உன் பொண்டாட்டிதான் ஊத்துவா மாப்ள. நீ கம்பியைத் தட்டு."

முதல் பதிவு ஒரு சனிக்கிழமை பிற்பகல் நடந்தது. கிட்டாரின் ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்தார் அண்ணன். மூன்று நிமிஷ மெட்டு. பதிந்த பிறகு அதைக் கேட்க நல்ல ஸ்பீக்கர் இல்லை. கம்ப்யூட்டரோடு வந்தது தீப்பெட்டி மாதிரி இருந்தது. அண்ணனுக்கு நம்பிக்கையான ஸ்பீக்கர் ஒன்றுதான். கூரை முகட்டில் குழாயைக் கட்டினார். என்னை அம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு எதிர்மலைக்குப் போனார்.

துவாய் வீசிக்கொண்டே இருந்தது. ஈக்யூவில் எதைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடிச்சத்தத்தை முழுக்க இறக்கினேன். நடுச்சத்தத்தை ஏற்றினேன். திரும்பவும் மெட்டு, திரும்பவும் துவாய். இருபது தடவையாவது போட்டிருப்பேன்.

கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் வருகிற நேரம். முதலில் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் நல்லம்மா அக்கா வாசல் இஸ்தோப்புக்கு வந்து நின்றாள். பென்ஷன் வாங்கியவள். நெஞ்சுச் சளிக்காரி.

"யாருடி?" என்றாள்.

"யாருன்னா?"

"செத்தது யாருன்னு கேக்குறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் கோயில் நாளும் கல்யாண நாளும் எல்லாருக்கும் முன்னமே தெரியும். தெரியாத நாளில் லயத்தில் குழாய் சத்தம் கேட்டால் அது சாவுதான். நான் நிறுத்துவதற்குள் மேல் டிவிஷனிலிருந்து ஏழெட்டுப் பேர் கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். அங்கம்மா என்று ஒரு பெரியம்மா வரும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். வாசலில் என் வீட்டுக்காரர் கிட்டாரோடு நிற்பதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

"என்னடா, உசிரோட இருக்க?"

"மன்னிச்சுக்குங்க பெரியம்மா. அடுத்த தடவை பாப்போம்" என்றார் அவர்.

வந்தவர்கள் எல்லாருக்கும் நான் டீ ஊற்றினேன். அண்ணன் எதிர்மலையிலிருந்து துவாயை வீசிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பதிவை சீடியில் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனோம். நானா தன் அறையில் போட்டார். அரை நிமிஷம் கேட்டார். அங்கே அது எனக்கே வேறு மாதிரி கேட்டது. தகர டின்னுக்குள் கம்பியைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது.

"தம்பி, இது கிட்டாரா, காணாமப் போன புள்ளையப் பத்தின அறிவிப்பா?"

அண்ணன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிச்சத்தம் எங்க?"

"இறக்கிட்டேன் நானா. யூனிட்டு எரிஞ்சிரும்னு..."

"எந்த யூனிட்டு? இதுல எரியுறதுக்கு என்ன இருக்கு?" நானா சிரித்தார். அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "நோன்புக்கு இன்னும் அஞ்சு கிழமை இருக்கு. போய்த் திரும்பச் செய்."

பஸ்ஸில் அண்ணன் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பசறையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, "பதினைஞ்சு வருஷம் கேட்ட காது" என்றார். அதோடு சரி.

இரண்டாம் தடவை குழாயைத் தொடவில்லை. என் வீட்டு கசெட் ரேடியோவில் ஒயரைப் பொருத்திக் கேட்டார். தகரச் சத்தம் வரக் கூடாது என்ற பயத்தில் அடிச்சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டார். மைக் அதே ஓட்டைக்கு முன்னால்தான். கிட்டார் குடத்துக்குள் இருந்து வருவது போல் பொம்மென்று கேட்டது. அவர் கலங்கவில்லை. இந்தத் தடவை கம்பிரசர்தான் கைகொடுக்கும் என்று நினைத்தார். என் வீட்டுக்காரர் ஓங்கி அடித்த இடமும் மெதுவாக வருடிய இடமும் ஒரே உயரமாக வரும்வரை அமுக்கினார். அமுக்கியதால் சத்தம் குறைந்தது. குறைந்ததை மொத்தமாகத் தூக்கினார். திரையில் படம் அழகாக, வெட்டிவிட்ட தேயிலைச் செடி போல மட்டமாக இருந்தது. அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கேட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம்.

நானா இந்த முறை முழுவதும் கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

"யாரு இருமுறது?"

அண்ணன் விழித்தார்.

"நடுவுல ஒரு பொம்பிளை இருமுறா. நாலு தடவை. ரெண்டாவது தடவை கிட்டாரை விடப் பலமா இருமுறா."

பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான், மேலே கூரை வரை பலகை. மெல்லிய சத்தத்தையெல்லாம் கம்பிரசர் தூக்கியபோது நல்லம்மா அக்காவையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. காற்றில் தகரம் கிரீச்சென்றதும் இருந்தது, கம்ப்யூட்டரின் விசிறி ஓடுவதும் இருந்தது.

"கிட்டார் உசிரில்லாம கிடக்கு, இருமல் உசிரோட இருக்கு" என்றார் நானா. "கம்பிரசர் போட்டது கேக்கவே கூடாது. ஓங்கி விழுற அடியை மட்டும் கொஞ்சம் பிடி. மூணு, நாலு டெசிபல் போதும். அதையும் உடனே பிடிக்காதே. நகம் கம்பியில படுற சத்தத்தைப் போக விட்டுட்டுப் பிடி. ஈக்யூவுல கூட்டாதே, குறை. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். சொல்லிட்டா அது என் பதிவாகிரும்."

நோன்புக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது. ஸ்டோரில் இயந்திரங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். பெரிய கங்காணி வந்து, பெயர் மாற்றும் தாளில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முதல் தேதியிலிருந்து புல்லு வெட்டும் கணக்கில் அவர் பெயர் இருக்கும். அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் கோலை ஊன்றிக்கொண்டு ஏழாம் நம்பர் மலை வரைக்கும் ஏறிப் பார்த்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார் என்று கொழுந்துக்காரிகள் வந்து சொன்னார்கள்.

அடுத்த நாள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பல் விளக்க வந்தார். வீட்டுக்குள் என் வீட்டுக்காரர் சும்மா கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கொஞ்சம் தள்ளிப் போனார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். படியில் ஏறி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். திருவிழாவில் செய்வது போலவே.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு வார்த்தை தானாக வந்தது.

"அண்ணே, ஏன் தூரமாப் போற?"

"கேக்கத்தான்."

"இதை யாரு அவ்வளவு தூரத்துல நின்னு கேக்கப் போறா? ரேடியோ அடுப்புக்கிட்டதானே இருக்கு."

அண்ணன் படியிலிருந்து இறங்கினார். பல்பொடிக் கையோடு வீட்டுக்குள் போனார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, என் வீட்டுக்காரருக்கு முன்னால் தரையில் அந்த மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதைக் கிட்டாருக்கு ஒரு முழம் கிட்டக் கொண்டுபோயிருந்தார்.

"என்ன மச்சான், முத்தம் குடுக்கப் போறியா?"

"பேசாம அடி மாப்ள."

ஓட்டைக்கு முன்னால் காதை வைத்தார், முகத்தைச் சுளித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். கிட்டாரின் கழுத்து உடம்போடு சேர்கிற இடத்துக்கு நேரே வந்ததும் நின்றார். கண்ணை மூடினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன். தன் காது இருந்த இடத்தில் அதை வைத்தார்.

பதிவுக்கு நாள் குறித்தோம். லயம் வெறிச்சென்று இருப்பது வேலை நாளில் காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில்தான். எல்லாரும் மலையில் இருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நாங்கள் மூவரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மிச்சம் இருந்தது நல்லம்மா அக்கா. கீழ் லயத்தில் அவள் மகள் வீடு. காலையில் அங்கே போய் இருக்க முடியுமா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் இருமல் உங்களுக்குப் பாரமாப் போச்சா? முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் காம்பராவுல இருமுறேன், ஒருத்தனும் குறை சொன்னதில்ல."

"அப்படி இல்ல அக்கா, அந்த மெசினு..."

"மெசினு என்ன மெசினு. சரி, போறேன். ஆனா ஒண்ணு. வர்ற திருவிழாவுல மைக்குல என் பேரச் சொல்லணும். பூசைக்குக் குடுத்தவங்க பேரையெல்லாம் சொல்றியே, அந்த மாதிரி."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"இருமாம இருக்கேனே, அதுதான்."

அண்ணன் ஒத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரைச் சமையல் பக்கம் கொண்டுபோய், நடுவில் கம்பளியைத் தொங்கவிட்டோம். கூரைத் தகரம் ஆடும் இடங்களில் என் வீட்டுக்காரர் ஏறிக் கல் வைத்தார். எனக்கு வேலை வாசலில். நாய் வந்தால் விரட்ட வேண்டும், ஆள் வந்தால் வாயில் விரலை வைக்க வேண்டும். வீட்டுக்காரர் மெட்டை ஆறு தடவை அடித்தார். மூன்றாம் தடவையில் காற்று வந்தது, ஐந்தில் அவரே பிழை விட்டார். ஆறாவது நன்றாக வந்தது.

பிறகு மூன்று நாள் சாயங்காலம் அண்ணன் ஈக்யூவோடு உட்கார்ந்தார். ரேடியோவை அடுப்பருகே வைத்துக் கேட்டார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டே பார்த்தேன். தரை அதிர்கிற மாதிரியான அடிச்சத்தத்தை மட்டும் வெட்டினார். குடத்துக்குள் கேட்பது போன்ற அந்தப் பொம்மென்ற சத்தத்தை இருநூறு ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் குறைத்தார். கூட்டியது எதுவும் இல்லை. கம்பிரசரைப் போட்டார், எடுத்தார், போட்டார், எடுத்தார். போட்டதும் எடுத்ததும் எனக்கு ஒன்று போலவே கேட்டது. அதைச் சொன்னேன்.

"நெசமாவா?" என்றார்.

"நெசமா."

அப்படியே விட்டுவிட்டார்.

நோன்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது பதுளைக்குப் போனோம். நானா சீடியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். மெட்டு முடிந்தது. திரும்பவும் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அண்ணனைப் பார்க்கவும் முடியவில்லை, நானாவைப் பார்க்கவும் முடியவில்லை. தரையில் கிடந்த ஒயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கம்பிரசர் போட்டியா?" என்றார் நானா.

"போட்டேன்."

"கேக்கல."

"கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

நானா திரும்பிப் பார்த்தார். "மைக்கை எங்க வச்சாய்?"

அண்ணன் தன் காதைத் தொட்டுக் காட்டினார். எப்படி என்று விளக்கிச் சொல்ல அவருக்கு வரவில்லை. நானாவுக்கு விளங்கிவிட்டது போல.

"அடிக்கிற ஆள் யாரு? ரெண்டாவது நிமிஷத்துல கொஞ்சம் அவசரப்படுறான்."

"எங்க வீட்டுக்காரர்" என்றேன் நான். அந்தக் கடையில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க தங்கச்சி" என்றார். பிறகு அண்ணனிடம், "திங்கக்கிழமை வா. படி ஏறுவாய்தானே?"

"மெதுவா ஏறுவேன்."

"மெதுவாவே ஏறு."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அண்ணன் ஒரு கிட்டாரையும் பதியவில்லை. பஜார்க் கடைகளுக்கு நோன்புப் பெருநாள் விளம்பரம்தான். த்ரீவீல் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகுமே, அது. முன்பு வேலை செய்தவர் பதிந்த விளம்பரங்கள் தெருவில் குழறிப்போகும் என்று நானா சொல்லியிருந்தார். அண்ணன் அடிச்சத்தத்தை முழுக்க இறக்கினார், நடுச்சத்தத்தை ஏற்றினார், கம்பிரசரில் ஒரு அமுக்கு அமுக்கினார். விளம்பரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கேட்டது. முதல் தடவை நானா சிரித்த அதே ஈக்யூ, இரண்டாம் தடவை குறை சொன்ன அதே அமுக்கு. நானாவிடம் அதைச் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னார். கல்யாண வீட்டுப் பாட்டுக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிறகு வந்தார்கள்.

ஊரில் புல்லு வெட்டும் கணக்கிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் எங்களோடு இருந்த காம்பரா எங்கள் பெயரில் இருந்ததால் அது பறிபோகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார்.

அடுத்த வருஷம் மாசித் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவில் வந்தார். மரத்தில் ஏற வேறு ஆளை வைத்துக் குழாய் கட்டினார். நான் பழையபடி அம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன், எதிர்மலையில் துவாய் வீசியது. இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். பூசைக்குக் கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார். கடைசியில், "இரண்டாம் நம்பர் லயம், நல்லம்மா அவர்கள்" என்றார். என்ன கொடுத்தார் என்று சொல்லவில்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூசை முடிந்து திருநீறு கொடுக்க நல்லம்மா அக்காவிடம் போனேன். இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேரு கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் இருமினாள். "ஆனா உங்கண்ணன் குரல்ல அடிச்சத்தம் பத்தாதுடி. பதுளையில போயி என்னத்தக் கத்துக்கிட்டான்?"